குச்சிக்கு மப்ளர் கட்டியவர்

2009ஆம் வருஷம் ஜூன் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து சென்னைக்கு ஒரு பஸ் புறப்பட்டது. தார் இளகிச் செருப்பில் ஒட்டும் வெயில். பஸ் நகர ஆரம்பித்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒருவர் கூடவே ஓடினார். ஓடிக்கொண்டே, உள்ளே உட்கார்ந்திருந்த தன் மகளின் மடியில் ஒரு கம்பளி மப்ளரைத் திணித்தார். அவள் பெட்டியில் ஏற்கெனவே இரண்டு மப்ளர்கள் இருந்தன. மூன்றாவது எதற்கு?

"எதுக்கும் இருக்கட்டும்மா" என்றார், இரைக்க இரைக்க.

இவரை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆளைத் தெரியும். விருந்துக்குப் போனால் நீங்கள் போதும் என்று இலையின் மேல் குறுக்கே நீட்டிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றியவர் இவர்தான். அடுத்த வீட்டு அடுப்பில் வேகிற சோற்றை மூடியைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் வேகலயே" என்று கவலைப்பட்டவர் இவர்தான். நீங்கள் காய்ச்சலில் படுத்து மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கும்போது, தோளைத் தொட்டு எழுப்பி, "தூங்குறியா? தூங்கு, தூங்கு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனவரும் இவரே. நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள் நான். மலையிலும் பார்த்தேன், தீவிலும் பார்த்தேன். பாஷை மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது. மூடியைத் திறந்து பார்க்கிற கை மட்டும் மாறுவதில்லை.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், சும்மா விடாதவர்.

கெட்டவரா? இல்லவே இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். இவரோ உங்கள் நன்மைக்காகவே மூச்சு விடுகிறவர். நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கிறவர்.

எங்கள் குடும்பத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி, என் அம்மாவின் தம்பி பழனிவேல் மாமா. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. பஸ் கூடவே ஓடியவர் அவர். பஸ்ஸில் போனவள் அவருடைய ஒரே மகள் சந்திரலேகா. சிதம்பரத்தில் தாவரவியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, சிக்கிமில் ஆர்க்கிட் செடிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் சேரப் போகிறாள். மாமா அவளுக்காகச் சிதம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் சொல்லிவைத்திருந்தார். வீட்டிலிருந்தே போய்வரலாம். மதியச் சாப்பாட்டை அவரே கொண்டுபோய்க் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நிற்கலாம். இந்தப் பின்பாதியை அவர் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. லேகா அன்றைக்கே சிக்கிமுக்குச் சரி என்று எழுதிப்போட்டாள்.

அவள் போனதும் அவளுடைய அறை எனக்கு வந்தது, கடலூரில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்ததால். வாரத்தில் ஐந்து நாள் மாமா வீடு, இரண்டு நாள் சிதம்பரத்தில் அம்மா. அறையோடு சேர்ந்து அவளுடைய ஆர்க்கிட்டும் வந்தது. நாக்கு மாதிரித் தடித்த நாலு இலை, நடுவில் நீண்ட ஒரு குச்சி. மாசியிலிருந்து வைகாசிவரை அந்தக் குச்சியில் வெள்ளையும் கத்தரிப்பூ நிறமுமாக ஏழு பூக்கள் வரிசையாக நின்றன. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பிளாஸ்டிக்கா என்று கேட்டு, கிள்ளிப் பார்த்தார்கள். லேகா கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கடைசிப் பூவும் உதிர்ந்துவிட்டது.

கிளம்புகிற அன்று காலையில் அவள் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"அப்பா, பூ கொட்டிடுச்சி. இனிமே அது ரெஸ்ட்ல இருக்கும். வாரத்துக்கு ஒரு தபா தண்ணி. வேரு வெளிய நீட்டிக்கினு வரும், அது காத்து குடிக்கிற வேரு, அத ஒண்ணும் பண்ணக்கூடாது. அவ்ளோதான்."

"சரி. வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா நான் இன்னா பண்றது?"

இந்த ஒரு கேள்வியில் அந்த இனத்தின் மொத்த வாழ்க்கையும் அடங்கியிருக்கிறது. லேகா சொன்னாள்:

"சும்மா இருக்கணும்பா. உங்களால முடியாது. முடிஞ்சி, இது பூத்துச்சின்னா, நான் அந்த வேலய உட்டுட்டு வந்து நீங்க சொன்ன காலேஜுலயே சேர்றேன். சத்தியமா சொல்றேன்."

"சத்தியமாவா?"

"அதான் சொல்றனே."

உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த சௌந்தரம் அத்தை, மாமாவின் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்ப அவ வரமாட்டா" என்றாள்.

பந்தயம் அதுதான். செடி பூத்தால் மகள் வீட்டுக்கு. எளிமையான பந்தயம். பூக்க வைக்க ஒன்றும் செய்யக்கூடாது என்பதைத் தவிர.

முதல் வாரம் அவர் தாக்குப்பிடித்தார். வாரம் என்றால் ஞாயிறு சாயங்காலத்திலிருந்து செவ்வாய் காலை வரை. செவ்வாய்க்கிழமை நான் பல் துலக்கிக்கொண்டு வரும்போது செடி கிழக்கு ஜன்னலில் இருந்தது. மதியம் தெற்கு வாசலில். சாயங்காலம் மேற்குத் தாழ்வாரத்தில். "வெயிலு மாறுதில்ல" என்றார். "நான் செடிய தொடல, தொட்டியத்தான் தொட்டேன்." அடுத்த வாரம் அரிசி கழுவிய தண்ணீர். "அது தண்ணிதான?" அதற்கடுத்த வாரம் டீத்தூள், முட்டை ஓடு, ஊறவைத்துப் புளித்த கடலைப் புண்ணாக்கு. வீட்டின் பின்பக்கம் எண்ணெய்ச் செக்கடி மாதிரி நாறியது. அத்தை மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு துணி துவைத்தாள். இலைகள் மங்கலாக இருக்கின்றன என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். நாலு இலையும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி படிய வாரிக்கொண்டு நின்றன.

பிறகு வேர். லேகா சொன்ன மாதிரியே அது தொட்டியின் விளிம்பைத் தாண்டி, வெள்ளி நிறத்தில், காற்றில் நீட்டிக்கொண்டு வந்தது. மாமாவுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

"வேரு வெளிய கெடக்குது பாரு, பாவம்."

"அது அப்படித்தான் மாமா இருக்கும். லேகா சொன்னால்ல."

"அவ சின்னப் பொண்ணு. வேருன்னா மண்ணுக்குள்ள இருக்கணும். மனுஷன் காலு தரையில இருக்கற மாதிரி."

கரித்துண்டும் தேங்காய் நாருமாக இருந்த தொட்டியில் ஒரு படி செம்மண்ணைக் கொட்டி, வேர்களை ஒவ்வொன்றாக வளைத்து உள்ளே தள்ளி, தட்டிக்கொடுத்தார். உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. அவர் "இப்பதான் நல்லா இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் செடியின் இரண்டு இலைகள் மஞ்சளாகி விழுந்தன. மாமா வேலைக்குப் போன நேரம் பார்த்து நானும் அத்தையும் அதைப் பிடுங்கிப் பார்த்தோம். வேரில் பாதி, ஊறிப்போன சேமியா மாதிரி இருந்தது. அழுகியதை வெட்டி எடுத்துவிட்டு, கரியும் ஓட்டுத்துண்டும் போட்டு ஓட்டைத் தொட்டியில் வைத்தோம். மாமா வந்து பார்த்தார். கோபப்படவில்லை. "மண்ணு ஒத்துக்கல போல" என்றார், நோயாளிக்கு மருந்து மாற்றுகிற டாக்டரின் நிதானத்தோடு. தினமும் மூன்று வேளை சிக்கிமுக்குப் போன் போகும். "குளுருதா? சுவெட்டர் போட்டியா? உள்ள பனியன் போட்டியா?" கடைசியில், "செடி நல்லா இருக்குது" என்பார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவர் முகத்தில் இருக்காது. நல்லா இருக்க வேண்டும் என்று அவர் அவ்வளவு விரும்பினார்.

இதற்கிடையில் பூத்த குச்சி காய்ந்து பழுப்பாகி, துடைப்பக் குச்சி மாதிரி ஆகிவிட்டது. வெட்டிவிடலாம் என்றேன்.

"பூத்த கொம்ப யாராவது வெட்டுவாங்களா? அதுலதான திரும்பப் பூக்கணும்?"

ஆக, அவருடைய அத்தனை கவனிப்பும் செத்துப்போன ஒரு குச்சிக்கு. சும்மா விடாதவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். உயிருள்ள இடம் எது என்று பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. தண்ணீர் ஊற்றவே நேரம் சரியாக இருக்கும்.

ஒரு வருஷம் ஆயிற்று. செடி சாகவில்லை, பூக்கவுமில்லை. 2010 ஜூனில், காடாம்புலியூரிலிருந்து அத்தையின் தம்பி தட்சிணாமூர்த்தி இரண்டு பலாப்பழத்தோடு வந்தார். பலாத்தோப்பும் முந்திரியும் உள்ளவர். மரம் என்றால் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்கிற பழக்கம். மாமா காட்டிய தொட்டியைக் குனிந்து பார்க்கவே அவருக்குக் கொஞ்சம் மானக்கேடாக இருந்தது.

"இன்னா மாமா இது, கத்தாழயா?"

"ஆர்க்கிட்டு மச்சான். ஒரு வருஷமா பூக்கல."

"மெரட்டிப் பாத்தீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். தட்சிணாமூர்த்தி விளக்கினார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் தோப்பில் காய்க்காத பலாவை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவார்களாம். ஒருவர் கொடுவாளை ஓங்கிக்கொண்டு வெட்டப் போவார். இன்னொருவர் குறுக்கே விழுந்து, விட்டுவிடுங்கள், வருகிற வருஷம் காய்க்கும், நான் ஜாமீன் என்பார். மரம் கேட்டுக்கொண்டிருக்கும்.

"நெசமா காய்க்குமா?" என்றேன்.

"காய்க்காம? உசிரு பயம் இல்லியா?"

வீட்டில் கொடுவாள் இல்லை. காய் நறுக்குகிற அரிவாள்மணையைத் தூக்கி ஓங்க முடியாது. கடைசியில் மாமா, கம்பத்தில் ஏறும்போது பயன்படுத்துகிற கட்டிங் பிளேயரை எடுத்துவந்தார். தட்சிணாமூர்த்தி அதை வாங்கி, ஒரு முழ உயரச் செடியின் முன்னால், முழு ஆறடி உயரத்தோடு நின்றார்.

"ஏய். ஒரு வருஷமா புண்ணாக்கும் முட்டையும் துன்னுட்டு இன்னா பண்ற நீ? பூப்பியா மாட்டியா? இப்பவே வெட்டி அடுப்புல வெச்சிடுவேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜாமீன் நான்தானாம். கல்யாணமாகாத பெண் சொன்னால் பலிக்குமாம். நாலு நாட்டு எல்லையில் அதிகாரிகளுக்குப் பதில் சொன்ன எனக்கு இப்படி நா வறண்டதில்லை.

"உட்டுடுங்க மாமா" என்றேன். "வர்ற வருஷம் பூக்கும். நான் ஜாமீன்."

"சத்தமா சொல்லு. அதுக்குக் காது எங்க இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்" என்றார் பழனிவேல் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது. மிரட்டும்போதும் அவரால் பொறுக்க முடியவில்லை. தட்சிணாமூர்த்தி பஸ் ஏறியதும் செடியிடம் போய் உட்கார்ந்து, இலையைத் தடவி, "பயந்துட்டியா? சும்மாதான் சொன்னாரு" என்று சமாதானம் செய்தார். மிரட்டலால் ஏதாவது பலன் இருந்திருந்தாலும் அது அத்தோடு போயிற்று.

2011 பொங்கலுக்கு லேகா நாலு நாள் லீவில் வந்தாள். விடியற்காலையில் வந்து இறங்கி, பெட்டியை வைத்துவிட்டு, நேரே அறைக்குள் வந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. அறை மூலையில், முக்காலியின் மேல், தொட்டி. தொட்டியில் காய்ந்த குச்சி. குச்சியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஒரு நீலக் கம்பளி மப்ளர். தலைப்பாகை கட்டிய ஒல்லிப்பிச்சான் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"இது என்னாப்பா?"

"மார்கழிப் பனிம்மா. இந்தப் பனியில நம்பளே வெளிய போவ முடியல. ராத்திரிக்கு மட்டும் உள்ள கொணாந்து வெச்சி கட்டிவுட்டுடுவேன். மூணு மார்கழி ஆவுது, ஒரு நாளு தவறுனதில்ல."

"ரெண்டு மார்கழிதான் ஆச்சு" என்றாள் அத்தை.

லேகா முக்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்பா. இதுக்கு அந்தக் குளிருதாம்பா வேணும். நம்ப ஊருல வருஷத்துல அந்த ஒண்ணர மாசந்தான் ராத்திரி கொஞ்சம் குளுரும். அந்தக் குளிரு பட்டாத்தான் இது பூக்கணும்னு நெனைக்கும். நீங்க அந்த ஒண்ணர மாசமும் கட்டிப்புடிச்சிக் காப்பாத்திக்கினு இருக்கீங்க."

"குளுரு வேணுமா? செடிக்கா?"

"ஆமாம்பா."

அன்றைக்குச் சாயங்காலம் செடி வெளியிலேயே இருந்தது. ஏழு மணிக்கு மாமா வாசலுக்குப் போனார், வந்தார். எட்டு மணிக்குப் போனார், வந்தார். ஒன்பது மணிக்குச் செடி உள்ளே இருந்தது.

"ஒரேடியா குளுரு குடுக்கக் கூடாது. பழக்கணும்" என்றார்.

லேகா ஊருக்குப் புறப்படும்போது பந்தயம் இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் குரலில் பந்தயத்தில் ஜெயித்தவளின் சந்தோஷம் அவ்வளவாக இல்லை என்று எனக்குத் தோன்றியது. மாமா பஸ் கூடவே ஓடவில்லை, முட்டி வலி. நின்ற இடத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டிருந்தார், பஸ் போய், அதற்கடுத்த பஸ்ஸும் போகும்வரை.

அந்த வருஷக் கடைசியில் புயல் வந்தது. டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி மதியமே மாமாவை ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது, "செடிய உள்ள எடுத்து வெய்யி" என்று அத்தையிடம் மூன்று தடவை சொன்னார். அத்தைக்கு ஓடு பறக்குமா, ஜன்னல் உடையுமா என்ற கவலை. கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில், இரண்டு சின்னச் சுவருக்கு நடுவில் இருந்த பொந்தில் தொட்டியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

மறுநாள் விடியலில் அடித்த காற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது. காற்று நின்றபோது ஊரில் நேராக நின்ற மின்கம்பம் ஒன்றைக் காட்டினால் பரிசு தரலாம் என்கிற நிலை. காடாம்புலியூரில் தட்சிணாமூர்த்தியின் பலாமரங்கள், எந்த மிரட்டலுக்கும் ஆளாகாமல் வருஷாவருஷம் ஒழுங்காகக் காய்த்தவையும் சேர்த்து, வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு படுத்திருந்தன. அவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை என்று செய்தி வந்ததும் அத்தை அங்கே போனாள். நான் கரண்ட் வரும்வரை சிதம்பரத்தில் அம்மாவோடு இருந்துவிட்டேன். மாமா கம்பம் நடப் போனார். நாற்பது நாளுக்கு மேல், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, குழி தோண்டி, கம்பம் நிறுத்தி, கம்பி இழுத்து, எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கிறதோ அங்கே படுத்துத் தூங்கினார். லேகாவுக்குக்கூட அவரால் போன் பண்ண முடியவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது.

வாரத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, குளித்துத் துணி மாற்றிக்கொண்டு போக மட்டும் வந்தார். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. கிணற்றிலிருந்து இறைத்து, அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து நாலு வாளி ஊற்றிக்கொள்வார். கண் திறந்திருக்காது. அவருக்குச் செடி ஞாபகமே இல்லை. கல்லின் இடுக்கு வழியாக முதல் வாளித் தண்ணீர் பொந்துக்குள் சொட்டியதும் அவருக்குத் தெரியாது.

வாரத்துக்கு ஒரு தபா தண்ணி. வேற ஒண்ணுமில்ல. மகள் சொன்னதை அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக அப்படியே கடைப்பிடித்தார்.

பிப்ரவரிக் கடைசியில் அத்தை திரும்பிவந்து, துணி ஊறவைக்கக் குனிந்தபோது தொட்டியைப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள். காய்ந்த குச்சி ஒடிந்து கிடந்தது. இலையின் இடுக்கிலிருந்து பச்சையாக, என் சுண்டுவிரல் நீளத்துக்கு, ஒன்று வளைந்து கிளம்பியிருந்தது. வேர் இல்லை. வேரின் நுனி மழுங்கலாக இருக்கும். இதன் நுனி குழந்தையின் கையுறை மாதிரி மடிந்திருந்தது.

அன்று சாயங்காலம் வந்த மாமாவிடம் காட்டினோம். உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வலது கை தானாக நீண்டது.

"கைய எடுங்க" என்றாள் அத்தை.

"நான் ஒண்ணும் பண்ணல. சும்மா பாக்குறேன்."

"கண்ணு மூஞ்சிலதான இருக்குது. கையால எதுக்குப் பாக்குறீங்க?"

கை திரும்பிப் போயிற்று. முதுகுக்குப் பின்னால் போய், இடது கையைப் பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டு மாதமும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. வேலைவிட்டு வந்ததும் கொல்லைக்குப் போவார், மூன்றடி தள்ளி நிற்பார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி பார்ப்பார், பெருமூச்சு விட்டுத் திரும்பிவருவார். ஒரு நாள் கொசு ஒன்று மொட்டின் மேல் உட்கார்ந்தபோது, ஊதி விரட்டலாமா என்று அத்தையிடம் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை.

சித்திரையில் பூத்தது. முதலில் ஒன்று, வாரம் கழித்து இரண்டு, கடைசியில் ஐந்து. முன்பைவிடப் பெரிய பூக்கள் என்று அத்தை சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் நான் வாதாடவில்லை.

ஐந்தாவது பூ விரிந்த அன்று காலை, மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் போனோடு செடியின் முன் ஸ்டூலில் உட்கார்ந்தார். போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

"சொல்லணுமா?"

"இன்னா மாமா கேள்வி இது? மூணு வருஷமா இதுக்குத்தான காத்துக்கினு இருந்தீங்க? சொன்னா வந்துடுவா. சத்தியம் பண்ணியிருக்கா."

"அதான். வந்துடுவா." போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது நாளு நான் கம்பம் நட்டுக்கினு கெடந்தேன். இது இங்க என்னக் கேக்காமலே மொட்டு வுட்டிருக்குது. நான் பக்கத்துல இருந்த வரைக்கும் மொட்டு வுடல."

போனின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"போன வாரம் பேசும்போது, அவ புதுசா ஒரு செடி கண்டுபுடிச்சத ஒரு மணி நேரம் சொன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அவ கொரலு அப்பிடி இருந்துச்சி. நல்லா வேரு புடிச்சி நிக்கற புள்ள. பந்தயம்னு சொல்லிப் புடுங்கிக்கினு வரணுமா?"

"அப்ப காலேஜு?"

"வேற யாரு புள்ளயாவது சேரட்டும்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடமும் அத்தையிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார்: பூத்ததை அவளிடம் சொல்லக்கூடாது. அவள் கேட்டால், இருக்குது, நல்லா இருக்குது. இந்தத் தடவை அது உண்மை.

அத்தை உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வெங்காயம் எதுவும் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து சிக்கிமுக்குப் போகும் போன் ஒரு நாளைக்கு ஒன்றாயிற்று. பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, ஐந்தே நிமிஷம். சுவெட்டர் பற்றிய பேச்சு இல்லை. அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இந்த இனம் திருந்துவதில்லை, ஆளை மாற்றிக்கொள்ளும். மிச்சமான போன்கள் எல்லாம் எனக்கு வந்தன. சிதம்பரத்தில் அம்மாவோடு இருக்கிற சனி ஞாயிறில்கூட, "குடை எடுத்துக்கினியா" என்று மூன்று வேளை. நான் பொறுத்துக்கொண்டேன். கம்பி எங்கேயாவது இழுத்துக் கட்டப்பட வேண்டும் அல்லவா?

ஆடியில் பூக்கள் உதிர்ந்தன. குச்சி பச்சையாகவே நின்றது. மாமா தொடவில்லை.

இத்தனையும் படித்துவிட்டு, நல்ல வேளை, நான் அப்படி இல்லை என்று மூச்சு விடுகிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மாமா உண்டு, தொல்லை தாங்கவில்லை, நீங்கள் எப்போதும் தொல்லைப்படுகிற பக்கம்தான். எனக்கு அதுதான் சந்தேகம். இந்த இனத்தில் பிறந்தவர்கள் யாரும் தன்னை இந்த இனம் என்று சொல்லிக்கொண்டதில்லை. எல்லோரும் தப்பித்து ஓடிவந்தவர்களாகவே தங்களை நினைத்துக்கொள்கிறார்கள். ஓடிப்போன இடத்தில், யாரும் விசாரிக்காமல், யாரும் போன் பண்ணாமல், கேட்ட நிம்மதி முழுசாகக் கிடைத்து எத்தனை நாள் அவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

லேகா ஏழு மாதம் சும்மா இருந்தாள். 2012 நவம்பர் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு என் போனுக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள், ஒரே மூச்சில்:

"அப்பா பத்து நாளா போன் பண்ணல. நான் பண்ணா நல்லா இருக்கேம்மா, நீ வேலயப் பாருன்னு வெச்சிடறாரு. அவரு அப்படி வெக்கிற ஆளே இல்ல. உடம்புக்கு என்னா? நெஞ்சு வலியா? எங்கிட்ட எல்லாரும் மறைக்கிறீங்க. இன்னிக்கே கூட்டிக்கினு போய் ஈசிஜி எடு. பிரஷர் மாத்திரைய நீயே கையில குடுத்து முழுங்குற வரைக்கும் நில்லு. ஊறுகா கண்ணுலயே காட்டாத. மாடிப்படி ஏற வுடாத. நான் ஒரு மாசம் லீவு போட்டுட்டேன், சனிக்கிழம காலைல வந்துடுவேன். அவருகிட்ட சொல்லாத. பதறிடுவாரு."